வல்லார்பாடம்: நிலம் தந்தவரும் நிலம் இழந்தவரும்

வல்லம் வடகால் சாலையோரத்தில் சிறிது நேரம் நின்றால் போதும். சரக்குப் பெட்டகங்களைச் சுமந்த லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக விரைவதைக் காணலாம். ஏரிநீர் பாய்ந்து நெல் விளைந்த இப்பகுதியில் இன்று தொழிற்சாலைகள் எழுந்து நிற்கின்றன. 2024 ஆகஸ்டு மாதத்தில் 18,720 பெண் தொழிலாளர் தங்கத்தக்க விடுதி வளாகம் ஒன்றும் இங்குத் திறக்கப்பட்டது. பல குடும்பங்களுக்கு இதனால் பிழைப்புக் கிடைத்திருக்கிறது. அதற்காக இறைவனுக்கு நன்றி கூறுவோம். ஆயினும், தொழில் வளர நிலம் வேண்டும். அந்நிலத்திலோ ஏற்கெனவே மனிதர் வாழ்கின்றனர். இவ்விரண்டிற்கும் இடையே நம் கடமை யாது? இத்தகைய பெட்டகங்கள் ஏறி இறங்கும் ஒரு சிறு தீவின் வரலாறு இதற்கு விடை காண நமக்கு உதவும்.

அன்னையின் தீவு

கேரளத்தில் எறணாகுளத்துக்கு எதிரே, கொச்சித் துறைமுகத்தின் காயல்நீர் சூழ அமைந்தது வல்லார்பாடம். 1341-ஆம் ஆண்டில் பெரியாற்றில் பெருகிய வெள்ளம் பழைய முசிறித் துறையைத் தூர்த்து, கொச்சியின் கடல்வாயை அகலத் திறந்துவிட்டது என்பர். அவ்வழியே பின்னாளில் போர்த்துக்கீசியர் வந்தனர். அவர்கள் 1524-இல் இத்தீவில் ஆலயம் எழுப்பி, உபகார மாதாவின் படத்தை நிறுவினர் என்பது மரபு.

உபகார மாதா யார்? சிறைப்பட்ட கிறிஸ்தவர்களை விலைகொடுத்து மீட்பதற்கென 1218-இல் பார்சலோனா நகரில் புனித பேதுரு நொலாஸ்கோ ஒரு துறவற சபையை ஏற்படுத்தினார். அச்சபையினர் தங்கள் பாதுகாவலியாகப் போற்றிய அன்னையே இவர். நம் கன்னியாகுமரியில் அலங்கார உபகார மாதாவாக வீற்றிருப்பவரும் இவரே. செப்டம்பர் 24 இவ்வன்னையின் திருநாள்.

1676-இல் பெருவெள்ளம் ஆலயத்தை அழித்தது. காயலில் மிதந்த மாதா படத்தைக் கொச்சி அரசின் திவானாகிய பாலியத்து இராமன் வலியச்சன் மீட்டெடுத்தார் என்றும், புதிய ஆலயத்துக்கு நிலமும் ஓர் அணையா விளக்கும் அளித்தார் என்றும் திருத்தல வரலாறு கூறுகிறது. அவரோ இந்து சமயத்தவர். தமக்குரிய நிலத்தை அயலாரின் வழிபாட்டுக்கென மனமுவந்து ஈந்த அப்பெருந்தகையை வல்லார்பாடம் இன்றும் மறக்கவில்லை.

1752-இல் மீனாட்சி அம்மாள் என்னும் நாயர் குல மாது தம் குழந்தையுடன் படகில் செல்கையில், புயலில் படகு கவிழ்ந்தது. மூன்றாம் நாள் பங்குக் குருவின் கனவில் அன்னை தோன்றிப் பணித்தவாறு மீனவர் வலைவீச, தாயும் சேயும் உயிருடன் மீண்டனர் என்பது பக்தர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. அத்தாய் மரியா என்றும், மகன் இயேசுதாசன் என்றும் திருமுழுக்குப் பெயர் தாங்கி, வாழ்நாள் முழுதும் ஆலயப் பணியில் நிலைத்தனர். அவ்விருவரின் உருவங்களும் பின்னர் மாதா படத்தில் சேர்த்து வரையப்பட்டன. 2004-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் இவ்வாலயத்தைப் பசிலிக்காவாக உயர்த்தினார்.

துறைமுகம் வந்தது

படகை நம்பியிருந்த இத்தீவுக்கு 2004-இல் கோசிறீ பாலங்கள் தரைவழி தந்தன. 2005-இல் பன்னாட்டுச் சரக்குப் பெட்டக முனையத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டு, 2011 பெப்ரவரி 11 அன்று பிரதமர் மன்மோகன் சிங் அதனைத் திறந்துவைத்தார். அதற்கென 4.62 கிலோமீட்டர் நீளமுள்ள இரயில் பாலமும் வேம்பநாட்டுக் காயல்மீது கட்டப்பட்டது.

ஆனால், அச்சாலைக்கும் இருப்புப் பாதைக்கும் வழிவிட 316 குடும்பங்கள் தம் இல்லங்களை இழந்தன. 2008 பெப்ரவரி 6 அன்று அண்டைத் தீவாகிய மூலம்பிள்ளியில் காவல்துறையின் துணையுடன் வீடுகள் இடிக்கப்பட்டன. போராட்டம் எழுந்தபின், மார்ச்சு 19-இல் மறுவாழ்வுத் திட்டம் அறிவிக்கப்பட்டது. எனினும் ஒதுக்கப்பட்ட மனைகளுள் பல சதுப்பு நிலங்கள். பதினைந்து ஆண்டுகள் கடந்த பின்னும் பெரும்பாலான குடும்பங்கள் அங்கு வீடு கட்டிக் குடியேற இயலவில்லை. கப்பல்கள் வந்தன, பெட்டகங்கள் இறங்கின. வழிவிட்டவர்களோ வாடகை வீடுகளில் முதுமை எய்தினர்.

மீட்பின் விலை

ஒரே காயலோரத்தில் இரு காட்சிகள்! நிலத்தை மனமுவந்து அளித்தார் ஒருவர். அவர் பெயரில் விளக்கு எரிகிறது. நிலத்தை விருப்பின்றி இழந்தனர் பலர். அவர்கள் வீட்டிலோ விளக்கேற்ற வீடே இல்லை. நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தை நாம் திருமறையில் வாசித்திருக்கிறோம். ஆகாபு விலை தருவதாகவே முதலில் கூறினான். ஆனால் மூதாதையர் நிலத்தைத் தர மறுத்த ஏழையின் சொல்லுக்கு அவன் அரண்மனையில் மதிப்பில்லாமற் போயிற்று.

தொழில் வளர்ச்சியை நாம் வெறுப்பவரல்லர். நம் பிள்ளைகளின் ஊதியம் அதிலிருந்தே வருகிறது. ஆயின் மீட்புக்கு விலை உண்டு என்பதே உபகார மாதாவின் பெயர் நமக்குக் கற்பிக்கும் பாடம். அவ்விலையை எளியவர் மட்டுமே செலுத்துவது நீதியாகாது. நம் பங்குகளில் நிலமிழந்து வந்த குடும்பம் எது, அவர்களுக்குரிய தொகை கைசேர்ந்ததா, மனுவெழுதித் தர ஆள் உண்டா என்று கேட்டறிவதும் செபமாலை போலவே அன்னைக்கு உகந்த காணிக்கையாகும். வரும் செப்டம்பர் 24 அன்று நம் இல்லங்களில் ஏற்றும் விளக்கு, வீடிழந்தோரையும் நமக்கு நினைவூட்டுவதாக!