மின்செலவைக் குறைக்கும் வினையூக்கிகள்

உப்புக் கரைசலில் மின்சாரத்தைச் செலுத்தினால் எரிசோடா, குளோரின், ஹைட்ரஜன் ஆகிய மூன்றும் கிடைக்கின்றன. இவற்றுள் முதலிரண்டும் சோப்பு, காகிதம், குடிநீர்ச் சுத்திகரிப்பு ஆகியவற்றுக்கு இன்றியமையாதவை. இத்தொழிலின் உற்பத்திச் செலவில் பெரும்பங்கு மின்சாரத்துக்கே செல்கிறது.

முன்னர், குளோரின் வெளிப்படும் நேர்மின்முனை கிராஃபைட்டால் செய்யப்பட்டது. அது நாளடைவில் அரிக்கப்பட்டுத் தேயும். மின்முனைகளுக்கிடையே இடைவெளி பெருகி மின்செலவு உயரும். 1960களில் டைட்டேனியத்தின்மீது ருத்தேனியம் ஆக்சைடு பூசும் முறை ஐரோப்பாவில் உருவாயிற்று. டைட்டேனியம் அரிப்பைத் தாங்கும். ஆயினும் அதன்மேல் தானே படியும் ஆக்சைடுப் படலம் மின்சாரத்தைத் தடுக்கும். பூச்சோ மின்சாரத்தைக் கடத்துவதுடன், குறைந்த மின்னழுத்தத்திலேயே குளோரினை வெளிப்படுத்தும் வினையூக்கியாகவும் செயற்படுகிறது.

இத்தகைய மின்முனைகளை உள்நாட்டிலேயே உருவாக்கும் பணியைக் காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் மேற்கொண்டது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் வழங்கியதன் பயனாக எழுந்த இந்நிலையம் 1953இல் திறக்கப்பட்டது.

ருத்தேனியம் அரிய உலோகம். உலக உற்பத்தியில் பெரும்பகுதி தென்னாப்பிரிக்காவிலிருந்து வருகிறது. எனவே, குறைந்த உலோகத்தைக் கொண்டு நீண்ட ஆயுள் தரும் பூச்சை வடிவமைப்பதே அடுத்த பணியாகும். மின்சாரத்தைச் சேமிக்கும் வினையூக்கி அயல்நாட்டு உலோகத்தையே நம்பியிருக்குமாயின், இத்துறையில் தற்சார்பு முழுமை பெறாது.