வாடகையும் வரிச்சுமையும்

வீட்டுரிமையாளர் மீது விதிக்கப்படும் வரி ஈற்றிற் குடியிருப்போர் தலையிலேயே விழும் என்பர். இதனை நாம் முற்றாக ஏற்பதற்கில்லை. நிலத்தின் அளவு பெருகுவதில்லை. ஆகவே நிலவாரத்தின் மீதான வரியை நிலவுடைமையாளர் பிறர்மேற் சுமத்தவியலாதென 1817இல் றிக்காடோ காட்டினார். கட்டடத்தின் நிலை வேறு. செலவு ஏறியும் வாடகை ஏறாவிடின் புதிய வீடுகள் எழா. பழையன திருத்தமின்றிப் பழுதுறும். பற்றாக்குறை முற்றிய பின்னரே, அதாவது சில ஆண்டுகள் கழித்தே, சுமை குடியிருப்போரைச் சேரும்.

சட்டம் குறுக்கிடின் யாது நிகழும்? இலங்கையின் 1972ஆம் ஆண்டு 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் தன் கட்டுப்பாட்டுக்குட்பட்ட வீடுகளின் வாடகைக்கு வரம்பிட்டது. இத்தகைய வரம்பு ஏற்கெனவே குடியிருப்பவரைக் காக்கும். புதிதாக வீடு தேடுபவரோ, பற்றுச்சீட்டின்றிக் கைமாறும் முற்பணமாக அதே சுமையைச் செலுத்த நேரிடும். பெரும்பாலும் அவர் அண்மையில் நகருக்கு வந்த சிறுசம்பளக்காரர்.