புதிர்க் குறிப்பை அவிழ்ப்பது எப்படி?

கீழே உள்ள வரியைப் படியுங்கள்.

பட்டதாரி தேடுவது முருகன் கையில் ஏந்தியதை (2)

படிப்பை முடித்த ஓர் இளைஞர் கோயில் வாசலில் நின்று வேண்டிக்கொள்வதுபோல் ஒரு காட்சி உங்கள் மனத்தில் எழுகிறதல்லவா? அந்தக் காட்சியை ஒதுக்கி வையுங்கள். இது குறுக்கெழுத்துப் புதிரில் வரும் ஒரு குறிப்பு. அடைப்புக்குள் உள்ள 2 என்னும் எண், விடை இரண்டு எழுத்துச் சொல் என்று கூறுகிறது. பட்டதாரி தேடுவது எது? வேலை. முருகன் கையில் ஏந்தியது எது? வேல். ‘ஏந்தியதை’ என்றிருப்பதால் வேற்றுமை உருபையும் சேர்க்க வேண்டும். வேல் + ஐ = வேலை. இரு பக்கமிருந்து வந்தும் ஒரே சொல்லில் முடிகிறோம்.

இத்தகைய குறிப்புகளால் ஆன புதிரை மறைகுறிப்புக் குறுக்கெழுத்து என்று அழைக்கலாம். இதைத் தீர்க்கத் தனி மேதைமை வேண்டும் என்றும், ஆங்கிலம் நன்கு தெரிந்தவர்களுக்கே இது உரியது என்றும் மாணவர் பலர் எண்ணுகின்றனர். இரண்டும் சரியல்ல. இதன் விதிகள் மிகச் சில. அவற்றைத் தமிழிலேயே கற்கலாம்.

இரு வழி, ஒரு விடை

சாதாரணக் குறுக்கெழுத்தில் ‘யானை (3)’ என்று குறிப்பு இருந்தால் களிறு என்று எழுதலாம். வேழம் என்றும் எழுதலாம். இரண்டும் மூன்று எழுத்துகளே. எது சரி என்பதைக் குறுக்கே வரும் சொற்களே சொல்ல வேண்டும். மறைகுறிப்பு அப்படியன்று. அது விடையை இருமுறை சொல்கிறது. ஒரு பகுதி விடையின் பொருளைத் தருகிறது. இதைப் பொருள்வழி என்போம். மற்றொரு பகுதி விடையின் எழுத்துகள் எப்படி அமைந்தன என்பதைச் சொல்கிறது, இது எழுத்துவழி.

ஆய்வுக்கூடத்தில் குவிலென்சின் குவியத் தொலைவை எப்படிக் காண்கிறீர்கள்? முதலில் தொலைவிலுள்ள ஒரு மரத்தின் பிம்பத்தைத் திரையில் வீழ்த்தித் தோராயமாக அளக்கிறீர்கள். பிறகு பொருளின் தொலைவையும் பிம்பத்தின் தொலைவையும் அளந்து கணக்கிடுகிறீர்கள். இரு முறைகளும் ஏறத்தாழ ஒரே அளவைத் தந்தால்தான் மனம் அமைதியடைகிறது. புதிரிலும் அவ்வாறே. பொருள்வழி ஊகத்தைத் தருகிறது. எழுத்துவழி அதைச் சோதிக்கிறது.

பிறந்த கதை

குறுக்கெழுத்துப் புதிருக்கு வயது நூற்றுக்குச் சற்று மேல். 1913 டிசம்பர் 21 அன்று ‘நியூயார்க் வேர்ல்டு’ இதழில் ஆர்தர் வின் என்பவர் முதற் புதிரை வெளியிட்டார். அதில் நேரடிக் குறிப்புகளே இருந்தன. மறைகுறிப்பை வளர்த்தவர்கள் இங்கிலாந்துக்காரர்கள். 1926 முதல் ‘அப்சர்வர்’ இதழில் எட்வர்டு போவிஸ் மேதர்ஸ் என்பவர் ‘டார்க்கிமாடா’ என்ற புனைபெயரில் கடினமான புதிர்களை அமைத்தார். 1942 ஜனவரியில் ‘டெய்லி டெலிகிராப்’ நாளிதழ், 12 நிமிடத்தில் ஒரு புதிரை முடிக்கும் போட்டியை நடத்தியது. அதில் தேறியவர்களுள் சிலரைப் பிரிட்டிஷ் அரசு, ஜெர்மானியரின் சங்கேதச் செய்திகளை உடைக்கும் பணிக்கு அழைத்துக்கொண்டது.

நம் நாட்டில் ‘தி இந்து’ ஆங்கில நாளிதழில் 1970களில் இத்தகைய புதிர்களை அமைத்தவர், செங்கல்பட்டில் பிறந்த ஆர். டி. கட்டாரி. 1958இல் இந்தியக் கடற்படையின் தலைமைப் பொறுப்பை ஏற்ற முதல் இந்தியரும் இவரே. தமிழில் இவ்வகைப் புதிரை அமைத்தவர்களுள் வாஞ்சிநாதன் குறிப்பிடத்தக்கவர். அமெரிக்கத் தமிழர்களின் ‘தென்றல்’ மாத இதழில் அவருடைய புதிர்கள் வெளிவந்தன.

எழுத்துவழியின் வகைகள்

கட்டமும் கறுப்பு வெள்ளைச் சதுரங்களும் வெளிநாட்டிலிருந்து வந்தவை. ஆனால் எழுத்துவழியில் பயன்படும் உத்திகளுள் பல தமிழ்ப் புலவர்களுக்குப் பழக்கமானவையே. தண்டியலங்காரத்தின் சொல்லணியியலைப் புரட்டினால் அவற்றின் உறவினரைக் காணலாம்.

1. சிலேடை. ஒரே சொல் இரு பொருள் தருவது. காளமேகப் புலவரின் புகழுக்கு இதுவே காரணம். நாம் முதலில் பார்த்த ‘வேலை’ இவ்வகை.

2. சேர்த்தல். பல சிறு வினாக்களின் விடைகளைச் சேர்த்து ஒரு சொல்லைப் பெறுவது வினாவுத்தரம் என்னும் அணி. குறிப்பு:

குளத்து மலரைக் கொடு, மானே! (3)

காதலன் காதலியிடம் கேட்பதுபோல் தோன்றும். ‘கொடு’ என்றால் தா. மான் வகையில் ஒன்று மரை. தா + மரை = தாமரை. குளத்து மலர் என்பது பொருள்வழி.

சேர்க்கும்போது புணர்ச்சி விதியையும் மறக்கக் கூடாது. நான் இதை எழுதும் ஊரையே எடுத்துக்கொள்வோம். ‘விளைநிலத்தை அடுத்து வனம், பழனி மலையில் ஓர் ஊர் (6)’. பண்ணை + காடு என்றால் ஐந்து எழுத்துகளே கிடைக்கும். ஆறாவது எழுத்து, இடையில் மிகும் ‘க்’. விடை பண்ணைக்காடு.

3. மறைத்தல். ஒரு செய்யுளுக்குள் மற்றொரு செய்யுளை ஒளித்து வைப்பது கரந்துறைச் செய்யுள். புதிரில் ஒரு சொல்லே ஒளிந்திருக்கும்.

கடலுக்குப் போக வலை எடுத்தவருக்குள்ளே வருத்தம் (3)

‘உள்ளே’ என்பது கட்டளை. ‘போக வலை’ என்பதற்குள் பாருங்கள்: போ(க வலை). விடை கவலை.

4. திருப்புதல். திருஞானசம்பந்தர் பாடிய மாலைமாற்றை, எப்பக்கமிருந்து படித்தாலும் ஒன்றாகவே இருக்கும். புதிரில் திருப்பினால் வேறு சொல் கிடைக்கும்.

சிவா, திரும்பிப் படி (2)

‘சிவா’ திரும்பினால் வாசி. வாசி என்றால் படி. மூன்றே சொற்கள், ஒன்றுகூட வீண் இல்லை.

5. நீக்கல். எழுத்தை ஒவ்வொன்றாகக் குறைத்து வெவ்வேறு பொருள் காண்பது அக்கரச்சுதகம்.

தலையிழந்த தனிமை இரும்பை இழுக்கும் (4)

தனிமைக்கு மற்றொரு சொல் ஏகாந்தம். தலையெழுத்தாகிய ‘ஏ’ போனால் மிஞ்சுவது காந்தம்.

6. நுழைத்தல். ஒரு சொல்லின் நடுவே வேறு எழுத்தைப் புகுத்துவது.

கதைக்கு நடுவே விடியலின் தொடக்கம். புலவர் படைப்பது (3)

விடியலின் தொடக்கம் ‘வி’. அதைக் ‘கதை’யின் நடுவே வைத்தால் கவிதை.

7. கலைத்தல். எழுத்துகளை இடம் மாற்றுவது.

கலைந்து கிடக்கும் நகரம் பாவிகள் போய்ச் சேருமிடம் (4)

விடை நரகம்.

இலக்கணம் தரும் உதவி

கடைசிக் குறிப்பைச் சற்று ஆராய்வோம். ந, க, ர, ம் ஆகிய நான்கு எழுத்துகளை 4 × 3 × 2 × 1 = 24 விதமாக அடுக்கலாம். அத்தனையையும் எழுதிப் பார்க்க வேண்டுமா? வேண்டாம். தமிழில் மெய்யெழுத்துச் சொல்லின் முதலில் வராது. ஒரு சொல்லின் நடுவே ‘ம்’ என்பதை அடுத்துக் க, ந, ர ஆகியவை வருவதும் தமிழ்ச் சொல்லமைப்புக்குப் பொருந்தாது. ஆகவே ‘ம்’ கடைசியில்தான் நிற்க முடியும். எஞ்சிய மூன்றையும் அடுக்க 6 வழிகளே உண்டு. ‘ர’ சொல்லின் முதலில் வராது என்ற மரபைக் கொண்டால் அவை நான்காகும். தனிச்சொல்லின் நடுவே ‘ந’ வருவது அரிது என்று கொண்டால் மிஞ்சுபவை இரண்டே: நகரம், நரகம். முதலாவது குறிப்பிலேயே இருக்கிறது. இருபத்துநான்கை இரண்டாக்கியது, பள்ளியில் மதிப்பெண்ணுக்காக நாம் மனப்பாடம் செய்த இலக்கணம்!

கட்டத்தில் ஓரெழுத்து மட்டும் தெரிந்தபோதும் இந்த அறிவு உதவும். க், ச், ட், த், ப், ற் ஆகிய வல்லின மெய்கள் தமிழ்ச் சொல்லின் இறுதியில் நில்லா. இறுதிச் சதுரத்தில் அவற்றுள் ஒன்று வந்தால், குறுக்கே எழுதிய சொல் பெரும்பாலும் பிழை என்று அறியலாம். ஒன்று நினைவிருக்கட்டும்: உயிரோ, மெய்யோ, உயிர்மெய்யோ, எதுவாயினும் ஓரெழுத்துக்கு ஒரு சதுரம்.

எங்கே தொடங்குவது?

முதலில், குறிப்பு காட்டும் காட்சியில் மயங்காதீர்கள். நிறுத்தக்குறிகளையும் நம்பாதீர்கள், அவை உங்களைத் திசைதிருப்ப வைக்கப்பட்டவையாக இருக்கலாம்.

இரண்டாவதாக, பொருள்வழி பெரும்பாலும் குறிப்பின் தொடக்கத்திலோ முடிவிலோதான் இருக்கும். நடுவில் தேட வேண்டாம். ஆகவே ஒவ்வொரு குறிப்பையும் எங்கே இரண்டாக வெட்டலாம் என்று பாருங்கள்.

மூன்றாவதாக, கட்டளைச் சொல்லைத் தேடுங்கள். ‘உள்ளே’, ‘நடுவே’, ‘திரும்பி’, ‘குழம்பிய’, ‘கலைந்த’, ‘தலையிழந்த’ போன்றவை எழுத்துகளை என்ன செய்ய வேண்டும் என்று கூறுபவை. கட்டளைச் சொல் எதுவும் இல்லையென்றால் சிலேடையோ சேர்த்தலோ ஆகலாம்.

நான்காவதாக, கிடைத்த விடையைக் கொண்டு குறிப்பைத் திரும்பப் படியுங்கள். ஒவ்வொரு சொல்லும் ஏன் அங்கே இருக்கிறது என்று உங்களால் சொல்ல முடிகிறதா? முடிந்தால் விடை சரி.

இந்த நான்காவது படியைத்தான் பலர் தாண்டிவிடுகின்றனர். கட்டத்தில் பொருந்துகிறது, பொருளும் வருகிறது, போதும் என்று நிறுத்திவிடுகின்றனர். அது ஊகமே தவிர விடையன்று. கணக்கின் விடையைப் புத்தகத்தின் பின்பக்கத்தில் பார்த்து எழுதும் மாணவனுக்கும் அதே எண் கிடைக்கிறது. ஆனால் அடுத்த கணக்கு வரும்போது அவன் கையில் ஒன்றுமில்லை. ‘இது ஏன் சரி?’ என்ற கேள்விக்குப் பதில் சொல்லத் தெரிந்தவனே கற்றவன். எந்தக் கருவியும் செலவும் இல்லாமல் இந்தப் பழக்கத்தைத் தருவதால்தான் இவ்விளையாட்டை மாணவர்களுக்குப் பரிந்துரைக்கிறேன்.

புதிர் அமைப்பவருக்கும் கடமை உண்டு. அவர் ஏமாற்றலாம், பொய் சொல்லக் கூடாது. பொருளும் எழுத்தும் துல்லியமாக இருக்க வேண்டும். தேவையற்ற சொல் இருக்கக் கூடாது. ‘ஜிமெனஸ்’ என்ற புனைபெயரில் புதிர் அமைத்த டெரிக் மக்நட் 1966இல் எழுதிய நூலில் வற்புறுத்தியதும் இந்த நேர்மையைத்தான்.

நீங்களே முயலுங்கள்

1. மணமகன் கழுத்தில் விழும் அந்திப்பொழுது (2)
2. பந்தலில் காய்ப்பது தலையை இழந்தால் மலையாகும் (2)
3. பெயரைத் தள்ளு, ஏறி வத்தலக்குண்டு போகலாம் (4)
4. உலையில் இடுவதற்கு அந்தப் பக்கம் திரும்பிச் சிரி (3)
5. குருவியின் தலை போய் அம்பின் தலை வந்தால் மலையிலிருந்து விழும் (3)

விடைகள்

1. மாலை: மணமாலை, மாலைப்பொழுது எனச் சிலேடை.
2. வரை: அவரையில் ‘அ’ நீங்கியது, வரை என்றால் மலை.
3. பேருந்து: பேர் (பெயர்) + உந்து (தள்ளு).
4. அரிசி: ‘அ’ (அந்த என்னும் சுட்டு), அதன் பக்கத்தில் ‘சிரி’ திரும்பி ‘ரிசி’.
5. அருவி: ‘கு’ போய், அம்பின் தலையாகிய ‘அ’ வந்தது.

ஐந்தையும் தீர்த்தவர்கள் அடுத்த படியாகத் தம் ஊர்ப் பெயருக்கு ஒரு குறிப்பு எழுதி நண்பரிடம் கொடுத்துப் பாருங்கள். அவர் விடையைக் கண்டுபிடித்து, காரணத்தையும் சொல்லிவிட்டால் நீங்கள் இருவருமே தேறிவிட்டீர்கள்.