சோம்பலா, சோகையா?

மதிய உணவு முடிந்து ஓவர்லாக் மெஷின் முன் அமர்ந்ததும் கண்கள் சொக்குகின்றனவா? எண்ணிக்கை தவறுகிறதா? "சோம்பேறி" என்ற ஏச்சும் கிடைக்கிறதா? சகோதரியே, உங்களை நீங்களே நொந்துகொள்ளாதீர்கள்!

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் 'ஒன்றரை ஷிப்ட்' என்பது ஏறத்தாழ 12 மணி நேரம். வீடு திரும்பிச் சமைத்துப் படுத்தால் உறங்கக் கிடைப்பது எவ்வளவு? பெரியவர்களுக்கு 7 மணி நேர உறக்கமேனும் அவசியம்.

அடுத்த காரணம் இரத்தசோகை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழகத்தில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேர் இக்குறை உடையவர்கள். ஹீமோகுளோபின் குறைந்தால் உடலுக்குப் போதிய பிராணவாயு கிட்டாது. அசதியும் கவனச் சிதறலும் தொடரும். தூக்கத்தை விரட்ட உணவோடு நாம் பருகும் தேநீரே, அவ்வுணவின் இரும்புச்சத்து உடலில் சேர்வதைக் குறைக்கிறது! ஆகவே, உண்டு ஒரு மணி நேரம் கழித்தே தேநீர் பருகுங்கள். கீரை, பயறு, இறைச்சியுடன் நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்த்துக்கொள்ளுங்கள்.

தைராய்டு குறைபாடு, நீரிழிவு, குறட்டையும் மூச்சுத் தடையும் கலந்த உறக்கம், சில சளி மாத்திரைகள் ஆகியவையும் காரணமாகலாம். அயர்வு வாரக்கணக்கில் நீடித்தால், அரசு மருத்துவமனைக்குச் சென்று இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். விரலில் ஊசி பாய ஒரு நொடிக் கண்ணயர்வே போதுமல்லவா?