இப்போது வாசிக்கும் நூல்

இருவர் சந்தித்தால் மழையைப் பற்றி வினவுவர்; கொழுந்து வரவைப் பற்றி வினவுவர். "இப்போது என்ன நூல் வாசிக்கிறீர்கள்?" என வினவுவோர் மிகச் சிலரே. ஆயினும் ஒரு நூல் ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்குச் செல்வது பெரும்பாலும் இவ்வினாவினாலேயாம். அதன் பயன் யாது என்பதைச் சிறிது ஆராய்வோம்.

நூலகவியல் அறிஞர் சீர்காழி இரா. அரங்கநாதன் 1931 ஆம் ஆண்டில் நூலகத்திற்கு ஐந்து விதிகள் வகுத்தார். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கேற்ற நூல் கிடைத்தல் வேண்டும் என்பது ஒன்று. ஒவ்வொரு நூலும் தனக்குரிய வாசகரை அடைதல் வேண்டும் என்பது மற்றொன்று. அதே ஆண்டில் மன்னார்குடிப் பகுதியில் மாட்டுவண்டியொன்று நூல்களைச் சுமந்துகொண்டு ஊரூராகச் சென்றது. வண்டி நூலை வாயில்வரை கொண்டுவரும்; அதைத் திறக்கும் ஆவலையோ மற்றொரு மனிதரின் சொல்லே தரும்.

நமது மலையகம் இவ்வுண்மையை முன்னரே அறிந்திருந்தது. லயக் காம்பராவின் விளக்கொளியில் எழுத்தறிந்த ஒருவர் வாசிக்க, ஏனையோர் சூழ்ந்திருந்து கேட்ட காலம் அது. தொழிற்சங்க முன்னோடியும் பத்திரிகையாளருமான கோ. நடேசய்யர், வெளியார் எளிதில் நுழைய இயலாத தோட்டங்களுக்குத் தம் கருத்துகளைச் சிறு வெளியீடுகள் வாயிலாகவும் அனுப்பினார். அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மாள் தொழிலாளர் துயரைப் பாட்டாக்கிக் கூட்டங்களில் பாடினார். பாட்டைக் கேட்டவர் அதைத் தம் அயலவருக்குப் பாடிக்காட்டினால், எழுத்தறியாதவரும் அதன் வாசகராகிவிடுவர் அன்றோ? தம்மிடம் இருந்ததைப் பகிர்ந்துகொள்வதே அங்குப் பரிந்துரையாயிற்று.

இதை நான் உணர்ந்தது காலந்தாழ்த்தியே. சில ஆண்டுகளுக்கு முன் உயர்தர வகுப்பு மாணவியொருத்தி என்னிடம் வந்து, வாசிப்பதற்கு நல்ல நூல் கூறுமாறு கேட்டாள். அவள் குடும்பத்தில் அவ்வகுப்புவரை வந்தவள் அவளே முதல்வி. நான் பெருமிதத்தோடு பத்து நூல்களின் பெயரை எழுதிக் கொடுத்தேன். அவள் அதைப் பார்த்துவிட்டு, "சேர், இதில நீங்க இப்ப வாசிக்கிறது எது?" என்றாள். நான் விடை கூறவில்லை. சிலவற்றை முப்பது ஆண்டுகளுக்கு முன் வாசித்திருந்தேன்; இரண்டைப் பெயரளவிலேயே அறிவேன். அவள் தாளை மடித்துக்கொண்டு சென்றாள். அதன்பின் என்னிடம் நூல் கேட்டு வரவேயில்லை.

எப்போதோ முடித்த நூலைப் பற்றி நாம் தீர்ப்பே கூறுகிறோம். வாசித்துக்கொண்டிருக்கும் நூலைப் பற்றியோ நம் ஆவலையும் ஐயத்தையும் கூறுகிறோம். தீர்ப்பு கேட்பவரைப் பணியச் செய்யும். ஆவல் அவரை உடன் அழைத்துச் செல்லும். ஆதலின் நூலைக் கூறும்போது மூன்று செய்திகளைக் கூறினால் போதும்: எந்தப் பக்கம்வரை வந்துள்ளோம், எவ்விடம் நம்மை நிறுத்தியது, எது கடினமாக இருந்தது. முடிவைக் கூறலாகாது. சலித்த இடத்தை மறைத்தலும் ஆகாது.

இவ்விதியை நானே கைக்கொள்கிறேன். இப்போது என் மேசையில் இருப்பது 'எரியும் பனிக்காடு'. ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றிய பி. எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதி 1969 இல் வெளிவந்த நாவல் இது. 2007 இல் இரா. முருகவேள் தமிழாக்கினார். மேஸ்திரியின் சொல்லை நம்பிக் கருப்பனும் வள்ளியும் ஊரைவிட்டு மலையேறும் பகுதியைக் கடந்துள்ளேன். அது தமிழகத்து மலையின் கதை. எனினும் நம் முன்னோரை அழைத்துவந்த கங்காணியின் குரல் அதில் கேட்கிறது. இரவில் வாசிக்க மனம் கனக்கிறது, இருமுறை மூடிவைத்தேன்.

மடக்கொம்பரையில் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை நம் தோட்டங்களைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய கவிதையும் இவ்வாறே, சக்தீ அ. பால ஐயாவின் தமிழாக்கத்தால் 1969 இல் தமிழ் வாசகரை அடைந்தது. தாம் வாசித்ததைத் தம் மக்களும் வாசிக்கவேண்டும் என ஒருவர் விரும்பியதன் பயன் அன்றோ மொழிபெயர்ப்பு?

இன்று எங்கள் பாடசாலை வாயிலில் ஒரு கரும்பலகை உண்டு. வாசித்துக்கொண்டிருக்கும் நூலின் பெயரையும் பக்க எண்ணையும் எவரும் அதில் எழுதலாம். அதிபரின் பெயரும் அதில் இருத்தல் வேண்டும் என்பது மாணவர் விதித்த நிபந்தனை. சென்ற வாரம் ஆறாம் வகுப்புச் சிறுவன் நான் அறியாத நூலொன்றை எழுதியிருந்தான். அதை அவனிடம் இரவல் கேட்டிருக்கிறேன்; தான் முடித்தபின் தருவதாகக் கூறியுள்ளான்.