மாற்றுரு நூல்: பழைய புத்தகத்தில் ஒட்டுச்சித்திரம்

அச்சிட்டு வெளியான ஒரு புத்தகத்தின் பக்கங்களில் வெட்டியும் ஒட்டியும் வரைந்தும் மறைத்தும் அதைப் புதிய கலைப்பொருளாக மாற்றினால், அது மாற்றுரு நூல் எனப்படும். கொலாஜ் எனப்படும் ஒட்டுச்சித்திரம் இதில் பெரிதும் பயன்படும் முறையாகும். வெற்றுத் தாளில் ஒட்டுவதற்கும் புத்தகத்தில் ஒட்டுவதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. புத்தகப் பக்கத்தில் ஏற்கெனவே சொற்கள் இருக்கின்றன. எதை மறைப்பது, எதை விட்டுவைப்பது என்று முடிவுசெய்ய அவற்றைப் படித்தாக வேண்டும். எனவே இக்கைவினை ஒருவகை வாசிப்பாகவும் அமைகிறது.

வரலாறு

1769இல் ஜேம்ஸ் கிரேஞ்சர் என்பவர் இங்கிலாந்தின் புகழ்பெற்ற மனிதர்களைப் பற்றிய நூல் ஒன்றை வெளியிட்டார். அதை வாங்கியவர்கள் அம்மனிதர்களின் உருவப்படங்களைத் தேடிப்பிடித்து அதில் சேர்த்தனர். இப்பழக்கம் பரவியபோது, படங்களுக்காகவே பல நல்ல நூல்கள் வெட்டிச் சிதைக்கப்பட்டன. 1912இல் பிக்காசோவும் பிராக்கும் செய்தித்தாள், சுவரொட்டுத்தாள் போன்றவற்றை ஓவியங்களில் ஒட்டத் தொடங்கியபின் ஒட்டுச்சித்திரம் நவீன ஓவியத்தில் நிலைபெற்றது. 1934இல் மாக்ஸ் எர்ன்ஸ்ட், 19ஆம் நூற்றாண்டு நூல்களின் படங்களை வெட்டி இணைத்தே ஒரு சித்திர நாவலை வெளியிட்டார்.

டாம் பிலிப்ஸின் நூல்

இத்துறையில் அதிகம் பேசப்படுவது ஆங்கிலேய ஓவியர் டாம் பிலிப்ஸின் 'எ ஹியூமியுமென்ட்'. 1966இல் மூன்று பென்ஸ் விலையில் முதலில் கிடைக்கும் நூலை எடுத்துக்கொள்வது என்று அவர் முடிவுசெய்தார். லண்டனில் பெக்கம் ரை பகுதியிலிருந்த பழைய அறைகலன் கடையில் டபிள்யூ. எச். மல்லாக் 1892இல் எழுதிய 'எ ஹியூமன் டாக்குமென்ட்' நாவல் கிடைத்தது. ஒவ்வொரு பக்கத்திலும் சில சொற்களை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றின்மேல் வண்ணம் தீட்டினார், ஒட்டுச்சித்திரமும் சேர்த்தார். எஞ்சிய சொற்கள் வேறொரு கதையைச் சொல்லின. 'டுகெதர்', 'ஆல்டுகெதர்' ஆகிய ஆங்கிலச் சொற்களுக்குள் ஒளிந்திருந்த எழுத்துகளிலிருந்து 'டோஜ்' என்னும் கதைமாந்தன் பிறந்தான். முன்பு செய்த பக்கங்களையே மீண்டும் புதிதாகச் செய்து, 2016இல் இறுதிப் பதிப்பை வெளியிட்டார். ஒரே நாவல் ஐம்பது ஆண்டுகள் அவருக்குப் போதுமானதாக இருந்தது.

எந்தப் புத்தகத்தை வெட்டலாம்?

தவறிக் கால் பட்டால் புத்தகத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் பழக்கத்தில் வளர்ந்தவர்களுக்குக் கத்தரிக்கோலை எடுக்கவே தயக்கமாக இருக்கும். அத்தயக்கம் பயனுள்ளது. வெட்டிய பக்கம் திரும்ப வராது. காலாவதியான கணினிக் கையேடு, பாடத்திட்டம் மாறியபின் எஞ்சிய வழிகாட்டி நூல், ஏராளமாக அச்சாகி எடைக்குப் போகும் நாவல் ஆகியவை ஏற்றவை. நூலகப் புத்தகம், பழைய பதிப்பு, உறவினர் ஓரக்குறிப்பு எழுதிய பிரதி ஆகியவற்றைத் தொடக்கூடாது. பதிப்பு ஆண்டைப் பார்த்து, வேறு பிரதிகள் எளிதில் கிடைக்குமா என்று உறுதிசெய்த பின்னரே தொடங்க வேண்டும். ஐயம் இருந்தால், தேவையான பக்கங்களை நகலெடுத்துப் பயன்படுத்தலாம்.

செய்முறை

1. நூலால் தைத்துக் கட்டிய கெட்டி அட்டைப் புத்தகம் சிறந்தது. பசையால் மட்டும் ஒட்டிய புத்தகம் விரைவில் பிரிந்துவிடும்.

2. ஒட்டும் தாள்களால் புத்தகம் தடித்து மூடாமல் போகும். எனவே இடையிடையே சில தாள்களை நீக்க வேண்டும். தைத்த புத்தகத்தில் ஒரு தாளின் மறுபாதி அதே கட்டில் வேறிடத்தில் இருக்கும். அடியோடு கிழித்தால் அந்தத் தாளும் கழன்றுவிடும். ஆகவே தையலருகே ஒரு சென்டிமீட்டர் விளிம்பு விட்டு வெட்ட வேண்டும்.

3. அடுத்தடுத்த நான்கைந்து தாள்களை ஒன்றாக ஒட்டினால் உறுதியான தளம் கிடைக்கும்.

4. வெள்ளைப் பசை அதிகமானால் தாள் ஈரத்தை உறிஞ்சிச் சுருங்கும். மெல்லிய பூச்சே போதும். குளூ ஸ்டிக் தொடக்கநிலையாளர்களுக்கு எளிது. இங்க்ஜெட் அச்சுப்படங்களின் மை ஈரப்பசையில் கசியக்கூடும்.

5. ஒட்டிய பக்கத்தின் இருபுறமும் மெழுகுத்தாள் வைத்து, மேலே கனமான பொருளை ஏற்றி ஓரிரவு உலரவிட வேண்டும்.

முதல் பக்கத்தைத் தொடங்குமுன் அதை ஒருமுறை முழுதாகப் படித்து, பிடித்த நான்கைந்து சொற்களைப் பென்சிலால் வட்டமிட்டுக்கொள்வது நல்லது. அச்சொற்களுக்கு ஏற்ற படத்தைத் தேடினால் பக்கத்திற்கும் படத்திற்கும் தொடர்பு உண்டாகும்.

பதிப்புரிமை

சொந்தப் பிரதியை மாற்றி வீட்டில் வைத்துக்கொள்வது வேறு. அதன் பக்கங்களை அச்சிட்டோ இணையத்திலோ வெளியிடுவது வேறு. இந்தியாவில் எழுத்துப் படைப்புகளுக்குப் பொதுவாக ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகள் வரை பதிப்புரிமை நீடிக்கிறது. ஒட்டப்படும் ஒளிப்படங்களுக்கும் தனி உரிமை இருக்கலாம். வெளியிடும் எண்ணம் இருந்தால், உரிமைக்காலம் முடிந்த நூலையும் சொந்தமாக எடுத்த படங்களையும் பயன்படுத்துவது பாதுகாப்பானது.