கௌபாய் படங்கள்: பழைய புகழும் மறு விசாரணையும்

புழுதி பறக்கும் ஒரு தெரு. இருபுறமும் மரப்பலகை வீடுகள். தெருவின் ஒரு கோடியில் ஒருவன், மறு கோடியில் மற்றொருவன். இருவர் கைகளும் இடுப்புத் துப்பாக்கியின் அருகே நிற்கின்றன. இக்காட்சியைத் திரையில் காணாதவர் நம்மில் அரியர். ‘கௌபாய் படம்’ என்று நாம் சொல்வதை அமெரிக்கர் ‘வெஸ்டர்ன்’ என்பர். இளமையில் குதிரையோட்டத்துக்காகவும் சண்டைக்காகவும் அவற்றைக் கண்டு களித்தோம். வயது வந்தபின், ‘வெறும் சண்டைப் படம்’ என்று ஒதுக்கியும் விட்டோம். அவ்வாறு ஒதுக்குவது தகாது. ஒரு நாடு தான் பிறந்த விதத்தைப் பற்றித் தனக்குத் தானே சொல்லிக்கொண்ட கதை இப்படங்களில் இருக்கிறது. ‘அக்கதை மெய்தானா?’ என்று அந்நாடே பின்னர் கேட்ட கேள்வியும் இவற்றிலேயே இருக்கிறது. கதையையும் கேள்வியையும் ஒருங்கே நோக்கினால்தான் இவற்றின் சுவை புலப்படும்.

முதலில் வரலாற்றைச் சிறிது காண்போம். 1862ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு ஒரு சட்டம் இயற்றியது. மேற்கே சென்று குடியேறி ஐந்தாண்டுகள் வாழ்ந்து நிலத்தைப் பண்படுத்துவோர்க்கு 160 ஏக்கர் வரை உரிமையாகும் என்றது அச்சட்டம். 1865இல் உள்நாட்டுப் போர் முடிந்தது. 1869இல் கிழக்கையும் மேற்கையும் இருப்புப்பாதை இணைத்தது. டெக்ஸாஸ் மாநிலத்து மாடுகளைக் கான்ஸாஸ் மாநிலத்து ரயில் நிலையங்கள் வரை ஓட்டிச் செல்லும் கூலியாட்களே கௌபாய்கள். அவர்களில் நால்வரில் ஒருவர் கறுப்பினத்தவர் என்று வரலாற்றாசிரியர் மதிப்பிடுகின்றனர். பழைய படங்களிலோ அவர்களைக் காண்பது அரிது. இந்த மேய்ச்சற் காலம் ஏறத்தாழ இருபது ஆண்டுகளே நீடித்தது. 1890ஆம் ஆண்டுக் குடிமதிப்பு, இனி எல்லைப்புறம் என்று கோடு கிழிக்க இடமில்லை என அறிவித்தது. அதே ஆண்டு டிசம்பரில் ‘வூண்டட் நீ’ என்னுமிடத்தில் லகோட்டா இன மக்கள், பெண்களும் குழந்தைகளும் உட்பட, படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டனர். குடியேறியவனுக்குக் கிடைத்த நிலம், முன்பு பிறர் வாழ்ந்த நிலம். இந்த உண்மையை மனத்தில் இருத்திக்கொண்டே நாம் திரையை நோக்க வேண்டும்.

இவ்வரலாறு பழங்கதையாகும் முன்பே படமாகிவிட்டது. பன்னிரண்டு நிமிடமே ஓடும் ‘தி கிரேட் டிரெயின் ராபரி’ என்ற ரயில் கொள்ளைப் படம் 1903இல் வெளிவந்தது. 1881இல் டூம்ஸ்டோன் நகரில் நடந்த புகழ்பெற்ற துப்பாக்கிச் சண்டையில் கலந்துகொண்ட வையட் எர்ப், 1929இல்தான் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் காலமானார். அவரைக் கதாநாயகனாக்கி ஜான் ஃபோர்டு 1946இல் ஒரு படம் எடுத்தார். உண்மைக்கும் கற்பனைக்கும் இடையே இருந்த தூரம் அவ்வளவு குறுகியது.

மரபான படங்களின் அமைப்பு எளியது. அச்சத்தில் வாழும் ஓர் ஊருக்கு அயலான் ஒருவன் வருகிறான்; தீயோரை வெல்கிறான்; ஊரில் சட்டம் நிலைபெற்றதும் தான் தங்காமல் போய்விடுகிறான். 1953இல் வந்த ‘ஷேன்’ இதற்குச் சிறந்த சான்று. எளிய அமைப்பே ஆயினும் கருத்து எளியதன்று. ஃபோர்டு 1939இல் எடுத்த ‘ஸ்டேஜ்கோச்’ படத்தில் ஒரு குதிரை வண்டியில் பலதரப்பட்டோர் பயணம் செய்கின்றனர். மதிப்புக்குரிய வங்கி முதலாளி பணத்தைக் கையாடி ஓடுகிறவர். ஊரார் விரட்டிய கணிகையும் குடிகார வைத்தியருமோ ஆபத்து வேளையில் மனிதப் பண்பைக் காக்கின்றனர்.

1952இல் வந்த ‘ஹை நூன்’, அதாவது ‘உச்சிப்பொழுது’, இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. பழிவாங்க வருகிறவன் நண்பகல் ரயிலில் வந்து இறங்குவான். மணக்கோலத்தில் நிற்கும் காவல் தலைவர், துணை வேண்டி வீடு வீடாகச் செல்கிறார். ஊராரில் ஒருவரும் துணை நிற்கவில்லை. கதை நடக்கும் நேரமும் படம் ஓடும் நேரமும் ஏறக்குறைய ஒன்றே. சுவர்க் கடிகாரம் மீண்டும் மீண்டும் காட்டப்படுகிறது. வென்ற பின்னர் அவர் தம் அதிகாரச் சின்னத்தைப் புழுதியில் எறிந்துவிட்டுப் போகிறார். இக்கதையை எழுதிய கார்ல் ஃபோர்மன், அக்காலத்துக் கம்யூனிஸ்ட் விசாரணைக் குழுவின் முன் அழைக்கப்பட்டு, திரையுலகத்தால் ஒதுக்கப்பட்டு, இங்கிலாந்து சென்றவர். கைவிட்ட நண்பர்களை அவர் நேரிலேயே கண்டிருந்தார். ஊராரிடம் உதவி கேட்டு அலைபவன் வீரனாவானோ என்று வெகுண்ட ஹாவர்ட் ஹாக்ஸ், 1959இல் ‘ரியோ பிராவோ’ எடுத்து மறுமொழி கூறினார். ஒரு படத்துக்கு மற்றொரு படம் விடை சொல்வது இவ்வகையின் தனிச் சிறப்பு.

மரபுக்குள்ளிருந்தே மரபை ஐயுற்ற படம் ஒன்றை மட்டும் சொல்ல வேண்டுமெனின், 1956இல் ஃபோர்டு எடுத்த ‘தி சர்ச்சர்ஸ்’ படத்தையே சொல்வோம். இருண்ட வீட்டுக்குள்ளிருந்து கதவு திறக்கிறது. வெளியே செந்நிலம் ஒளிர்கிறது. தொலைவில் ஈத்தன் என்பவன் குதிரையில் வருகிறான். அவன் சகோதரன் குடும்பத்தைக் கொமான்சி இனத்தார் கொன்று, சிறுமி டெபியைத் தூக்கிச் செல்கின்றனர். ஆண்டுக்கணக்கில் அவளைத் தேடியலைகிறான் ஈத்தன். நேரம் செல்லச் செல்ல நமக்கு ஓர் அச்சம் உண்டாகிறது. அவன் தேடுவது காப்பாற்றவா, அந்த இனத்தாரோடு வாழ்ந்த குற்றத்துக்காகக் கொல்லவா? ஜான் வெய்ன் ஏற்ற இப்பாத்திரம் வீரன்தான். ஆனால் இன வெறுப்பால் நஞ்சேறிய வீரன். இடையில், இறந்துபோன கொமான்சி ஒருவனின் கண்களைச் சுடுகிறான். கண்ணிழந்தவன் ஆவியுலகம் சேராமல் காற்றில் அலைவான் என்பது அவர்கள் நம்பிக்கை. முடிவில் டெபியைக் கொல்லாமல் தூக்கிவந்து சேர்க்கிறான். எல்லாரும் உள்ளே செல்கின்றனர். அவன் மட்டும் வாசலில் நின்று, திரும்பி நடக்கிறான், கதவு மூடுகிறது. பிறனுக்கு அவன் விதித்த அலைச்சல் அவனுக்கே வாய்க்கிறது. ஆயினும் ஒரு குறை: கொமான்சித் தலைவனாக நடித்தவர் ஜெர்மனியில் பிறந்த ஹென்றி பிராண்டன். கேள்வி கேட்கப்பட்டது, பாதிக்கப்பட்டோர் குரல் ஒலிக்கவில்லை.

ஆறாண்டுகள் கழித்து ஃபோர்டு எடுத்த ‘லிபர்ட்டி வாலன்ஸைச் சுட்டவன்’ புகழின் வேரையே ஆராய்கிறது. கொடியவனைச் சுட்டவர் என்ற பெயராலேயே உயர்ந்த ஒரு செனட்டர், ஏழையாக இறந்த நண்பனின் சவப்பெட்டியருகே வந்து, சுட்டவன் அந்நண்பனே என்று பத்திரிகையாளரிடம் ஒப்புக்கொள்கிறார். ஆசிரியர் அதை அச்சிட மறுக்கிறார். ஊர் நம்பிவிட்ட கதையே அவருக்குப் போதும். திரும்பும் வழியில் ரயில் சிப்பந்தி அந்தப் பொய்யான வீரச் செயலைச் சொல்லியே உபசரிக்கிறார். செனட்டரால் மறுமொழி கூற இயலவில்லை.

இதன் பின் கேள்விகள் உரக்க ஒலித்தன. இத்தாலியரான செர்ஜியோ லியோனே, குரோசாவாவின் ‘யோஜிம்போ’ என்ற ஜப்பானியப் படத்தைத் தழுவி 1964இல் ‘எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ்’ எடுத்தார். அவருடைய நாயகன் நீதிக்காக அன்றிப் பணத்துக்காகச் சுடுபவன். வானொலி நேயர்களாகிய நாம் லியோனேயின் 1968ஆம் ஆண்டுப் படமான ‘ஒன்ஸ் அப்பான் எ டைம் இன் தி வெஸ்ட்’டின் தொடக்கத்தைச் செவியால் சுவைக்க வேண்டும். கிறீச்சிடும் காற்றாலை, தொப்பியில் சொட்டும் நீர், ஓர் ஈயின் ரீங்காரம்: இவ்வளவே நெடுநேரம் ஒலிக்கின்றன. பேச்சில்லாமலே நெஞ்சு படபடக்கிறது.

மறு விசாரணையின் உச்சம், கிளின்ட் ஈஸ்ட்வுட் இயக்கி நடித்து 1992இல் வெளிவந்து, சிறந்த படம் உள்ளிட்ட நான்கு ஆஸ்கார் பரிசுகள் பெற்ற ‘அன்ஃபர்கிவன்’. ஒரு கணிகையின் முகத்தை ஒருவன் கத்தியால் கீறுகிறான். ஷெரீப் அதைப் பொருட் சேதமாகக் கருதி, விடுதி முதலாளிக்குக் குதிரைகளை இழப்பீடாகத் தரச் செய்கிறார். அப்பெண்ணுக்கு ஒன்றுமில்லை. அங்குள்ள பெண்களே பணம் திரட்டிப் பழிவாங்க ஆள் தேடுகின்றனர். வருகிறவன் பன்றி வளர்க்கும் முதியவன்; குதிரையேறவே தடுமாறுகிறான். சுடப்பட்ட இளைஞன் உடனே இறப்பதில்லை. தண்ணீர் கேட்டு அலறுகிறான். வீரம் பேசிய பையன் முதல் கொலைக்குப் பின் அழுது, துப்பாக்கியைத் துறக்கிறான். சட்டத்தின் காவலரான ஷெரீப் தம் கையால் கட்டும் வீடோ ஒழுகுகிறது. அந்த ஊரின் நீதியும் அவ்வீட்டைப் போன்றதே என்பதை இயக்குநர் வாய்விட்டுச் சொல்லவில்லை.

ஆகவே இப்படங்களைக் காணும்போது சிலவற்றைக் கவனிப்போம். பரந்த நிலத்தின் நடுவே மனிதன் எவ்வளவு சிறியவனாகக் காட்டப்படுகிறான்? வாசலுக்குள் யார், வெளியே யார்? குண்டு பாய்ந்த பின் நேர்வதைப் படம் காட்டுகிறதா, மறைக்கிறதா? யாருக்குப் பேச்சு உண்டு, யார் ஊமையாக்கப்படுகின்றனர்? இக்கேள்விகளோடு நோக்கினால் பழைய படம் வெறும் புகழ்மாலையாகவோ புதிய படம் வெறும் வசையாகவோ தோன்றாது.

நம் நாட்டிலும் இம்மரபின் சாயல் உண்டு. தமிழில் ஜெய்சங்கர் நடித்த ‘கங்கா’ 1972இல் வந்தது. 1975இல் வந்த இந்திப் படமான ‘ஷோலே’யின் பாறைக் குன்றுகள் பெங்களூரை அடுத்த ராமநகரத்தில் உள்ளன, அங்கு வாழும் நம்மவர் பலர் அவ்வழியே சென்றிருப்பர். பிறந்த மண்ணை விட்டு வேற்று மாநிலத்தில் வாழும் நமக்கு, குடியேறியவர் கதை அயலான கதையன்று. புதிய இடத்தில் வீடு கட்டுவதன் அருமை நமக்குத் தெரியும். அவ்விடத்தில் முன்பிருந்து வாழ்வோரோடு இணங்கி வாழ்வதன் கடமையும் தெரியும். எனவே, அடுத்த விடுமுறையில் ‘தி சர்ச்சர்ஸ்’ படத்தையும் ‘அன்ஃபர்கிவன்’ படத்தையும் அடுத்தடுத்த நாட்களில், குடும்பத்துப் பெரியவர்கள் சேர்ந்து காணலாம். கண்ட பின், அந்த மூடிய கதவைப் பற்றிச் சற்று நேரம் பேசலாம்.